பத்மநாபபுரத்திலிருந்து பெட்டிமுடி வரை

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளைச் சேர்ந்த தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்புக்குத் தரப்பட்டுள்ள பொருள் ஒரு பழைய அரண்மனை நகரத்தின் அரசியல் வரலாறு. தேயிலைத் தோட்டங்களிலும், ஏலக்காட்டிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வயல்களிலும் உழைக்கும் மக்களிடையே பணியாற்றும் நமக்கு அரண்மனைக் கதை எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. இன்று நாம் வாழும் எல்லை, நம் தோழர்கள் குடியிருக்கும் லயம், நமக்கு இல்லாத நிலம் ஆகிய மூன்றுக்கும் அந்த அரண்மனையின் வரலாற்றோடு தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பைப் புரிந்துகொள்ளாமல் மொழிப் பிரச்சினையையும் நிலப் பிரச்சினையையும் சரியாகக் கையாள நம்மால் இயலாது.

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்தது. இன்று அது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு நகராட்சி. ஆனால் கோட்டைக்குள் உள்ள அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறை நிர்வகிக்கிறது. ஊர் தமிழ்நாட்டுக்கு, அரண்மனை கேரளத்துக்கு. 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது ஏற்பட்ட ஏற்பாடு இது. அதே ஆண்டில்தான் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நீடிப்பது உறுதியாயிற்று. அங்கே அரண்மனையின் பொறுப்பை யார் ஏற்பது என்பதற்குத் தெளிவான விடை கிடைத்தது. இங்கே தேயிலை பறித்த தொழிலாளியின் மொழிக்கும் மண்ணுக்கும் யார் பொறுப்பு என்பதற்கு அத்தகைய தெளிவான விடை கிடைக்கவில்லை.

அரசு எவ்வாறு உருவாயிற்று

கல்குளம் என்பதே பத்மநாபபுரத்தின் பழைய பெயர். அரண்மனையின் தொடக்ககாலப் பகுதி சுமார் 1601இல் கட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது. அப்போது வேணாட்டு அரசு வலிமையற்ற சிற்றரசாக இருந்தது. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நிலப்பிரபுக்களும், பத்மநாபசுவாமி கோயிலை நிர்வகித்த எட்டரை யோகமும் மன்னரைக் காட்டிலும் செல்வாக்குப் பெற்றிருந்தனர். வரி வசூலிக்கும் உரிமையும் ஆயுதமேந்திய ஆட்களும் அந்தப் பிரபுக்களின் கையில் இருந்தன.

1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா இந்த நிலையை மாற்றினார். பிரபுக்கள் பலர் கொல்லப்பட்டனர். அவர்களது சொத்துகள் அரசுடைமையாயின. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கூலிப்படை வரவழைக்கப்பட்டது. அண்டை அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1741இல் குளச்சலில் டச்சுப் படை தோற்கடிக்கப்பட்டது. அந்தப் போரில் கடற்கரை மீனவ மக்களின் பங்கு பெரிது. சிறைப்பிடிக்கப்பட்ட டி லனாய் பின்னர் மன்னரின் படைத்தலைவராகி, பத்மநாபபுரத்துக்கு அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில் ஐரோப்பிய முறையில் படைப்பயிற்சி அளித்தார்.

இந்தப் படைக்கான பணம் மிளகிலிருந்து வந்தது. மிளகு வணிகம் முழுவதும் அரசின் ஏகபோகமாக்கப்பட்டது. விளைவித்த குடியானவர் அரசு நிர்ணயித்த விலைக்கு அரசிடமே விற்க வேண்டும். அரசு அதை ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு விற்றது. நிலப்பிரபுவின் இடத்தில் அரசே மிகப் பெரிய நிலவுடைமையாளராகவும் மிகப் பெரிய வணிகராகவும் அமர்ந்தது. பிரபுக்களை ஒடுக்கியதால் மார்த்தாண்ட வர்மாவை முற்போக்காளர் என்று போற்றுவோர் உண்டு. சிதறிக்கிடந்த நிலப்பிரபுத்துவ அதிகாரம் மையப்படுத்தப்பட்டது என்பது உண்மை. ஆனால் மண்ணை உழுதவரின் சுமை அதனால் குறையவில்லை.

1750 ஜனவரியில் அவர் தம் அரசு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, இனித் தாம் இறைவனின் ஊழியரான பத்மநாபதாசர் என்று அறிவித்தார். திருப்படிதானம் எனப்படும் இந்நிகழ்வை வெறும் பக்தி என்று விட்டுவிட முடியாது. போரில் வென்ற நாடுகளின் மக்கள் புதிய அரசனை எதிர்த்தால் அது கலகம் மட்டுமாக இல்லாமல் தெய்வக் குற்றமும் ஆயிற்று. அரண்மனை ஊட்டுப்புரையில் ஆயிரம் பேருக்குக் குறையாமல் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்ண முடியும். அந்த இலவச உணவு பிராமணர்களுக்கு மட்டுமே உரியது. நெல்லை விளைவித்தவர் அந்தத் தெருவுக்கு அருகில் வரவும் சாதி இடம் தரவில்லை. அரசின் தெய்வீகத் தன்மைக்கு இந்த அமைப்பே அடித்தளம்.

தலைநகர் மாறியது, சுமை மாறவில்லை

திப்பு சுல்தானின் படையெடுப்பை எதிர்கொள்ளத் திருவிதாங்கூர் ஆங்கிலக் கம்பெனியைச் சார்ந்தது. 1795இல் கம்பெனியோடு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி கம்பெனிப் படையின் செலவைத் திருவிதாங்கூர் ஏற்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1805இல் உடன்படிக்கை மேலும் கடுமையாக்கப்பட்டு, ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் ரூபாய் செலுத்தும் கட்டாயம் ஏற்பட்டது.

கல்குளத்தை அடுத்த தலக்குளத்தைச் சேர்ந்த வேலுத்தம்பியின் வாழ்க்கை இந்த முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. 1799இல் கொடிய வரிவசூலுக்கு எதிராக மக்களைத் திரட்டித் திருவனந்தபுரம் சென்று அமைச்சர்களைப் பதவியிலிருந்து இறக்கியவர் அவர். பின்னர் அவரே தளவாயானார். 1805 உடன்படிக்கை அவர் பதவியில் இருந்தபோதே கையெழுத்தானது. கப்பத்தைக் கட்ட முடியாத நிலையில் கம்பெனியின் நெருக்குதல் பெருகவே, 1809 ஜனவரியில் குண்டறைப் பிரகடனத்தின் வழியாக ஆங்கிலேயருக்கு எதிராக மக்களை அழைத்தார். அடுத்த மாதமே ஆரல்வாய்மொழி அரணை உடைத்துக்கொண்டு நுழைந்த கம்பெனிப் படையிடம் உதயகிரியும் பத்மநாபபுரமும் வீழ்ந்தன. மன்னர் கம்பெனியின் பக்கம் நின்றார். மண்ணடியில் வேலுத்தம்பி உயிர்நீத்தார்.

அவருடைய ஏகாதிபத்திய எதிர்ப்பை நாம் மதிக்கிறோம். அதே வேளையில், சாதி ஒழுங்கையும் தர்மத்தையும் காப்பது என்பதே அந்தப் பிரகடனத்தின் மொழியாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அந்தச் சாதி ஒழுங்கால் நசுக்கப்பட்ட மக்களின் போராட்டம் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே அதே கல்குளம் பகுதியில் வெடித்தது.

தோள்சீலைப் போராட்டம்

நாடார் பெண்களும் பிற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மேலாடை அணியக் கூடாது என்பது அரசின் வழக்கம். அத்துடன் ஊழியம் என்ற கூலியில்லா வேலை, அடிமைமுறை, எண்ணற்ற வரிகள். கிறித்தவத்தைத் தழுவிய பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியபோது, 1822 முதல் சந்தைகளிலும் தெருக்களிலும் அவர்கள் தாக்கப்பட்டனர். வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்கு வந்தது. 1823இல் அந்த நீதிமன்றம் கிறித்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் தாக்குதல் ஓயவில்லை. 1829 பிப்ரவரியில் அரசு வெளியிட்ட அறிவிப்பு மேலாடை உரிமையை மறுத்ததோடு, நாடார்கள் ஊழிய வேலையைத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்றும் கூறியது. மேலாடைத் தடையும் கூலியில்லா உழைப்பும் ஒரே அறிவிப்பில் இடம்பெற்றதைக் கவனியுங்கள். சாதி இழிவும் உழைப்புச் சுரண்டலும் எங்கே பிணைந்திருக்கின்றன என்பதை அரசே எழுதிக் காட்டிவிட்டது.

இதே காலத்தில் அய்யா வைகுண்டர் ஒடுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். அரசு அவரைச் சிறையிலிட்டது. 1855இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1858 இறுதியில் மூண்ட மூன்றாம் கட்டப் போராட்டத்துக்குப் பின்னர், 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அறிவிப்பு வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப்போல அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. சுமார் 37 ஆண்டுக்காலப் போராட்டத்தின் விளைவு இது. அரண்மனையின் கருணையால் எந்த உரிமையும் வரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மலைக்கு வந்த அரண்மனை

இனி நம் மலைக்கு வருவோம். 1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு அரச குடும்பத்தினர் கண்ணன் தேவன் மலையின் சுமார் 227 சதுர மைல் பரப்பை ஜே.டி. மன்றோ என்ற ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்தனர். அந்தக் காட்டில் முதுவர் முதலிய பழங்குடிகள் வாழ்ந்தனர். அஞ்சுநாட்டுக் கிராமங்களில் தமிழ் பேசும் உழவர்கள் நெடுங்காலமாகப் பயிர் செய்துவந்தனர். அவர்களில் எவரையும் கேட்டு அந்தப் பத்திரம் எழுதப்படவில்லை. திருவிதாங்கூர் அரசு அதற்கு இசைவளித்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதி மக்களை முன்பணம் கொடுத்து மலையேற்றினர். கடனோடு வந்தவர்கள் லயங்களில் அடைக்கப்பட்டனர்.

ஆக, கோட்டைக்குள் ஊழியம் என்று அழைக்கப்பட்டது மலையில் முன்பணக் கடனாக வடிவம் மாறியது. அரண்மனையின் நிலவுரிமை கம்பெனியின் நிலவுரிமையானது. மன்னராட்சியும் அந்நிய மூலதனமும் எதிரெதிராக நிற்கவில்லை. ஒன்று மற்றொன்றுக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்தது.

எல்லை வரையப்பட்டபோது

மன்னராட்சியின் கடைசிக் கட்டம் ரத்தம் தோய்ந்தது. 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளர்கள் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் படைகளால் சுட்டு வீழ்த்தப்பட்டனர். 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடாக இருக்கும் என்று அவர் அறிவித்தார். ஜூலையில் தாக்கப்பட்ட பின் பதவி விலகினார். 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் உருவானது.

தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸில் திரண்டு, தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரினர். 1954இல் அந்தப் போராட்டம் தேவிகுளம், மூணாறு பகுதிக்கும் வந்தது. நேசமணி மூணாறில் கைதானார். அவ்வாண்டு ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் பலர் உயிரிழந்தனர். அப்போது ஆட்சியிலிருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை. அதை எதிர்த்து அக்கட்சிக்குள்ளேயே லோகியா குரல் எழுப்பினார்.

1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. மலபார் மாவட்டத்தோடு பாலக்காடு கேரளத்தில் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நீடித்தன. அங்கே தமிழ் பேசுவோர் மிகுதி என்பது தெரிந்ததே. ஆனால் தோட்ட வேலைக்காக வந்துபோகும் மக்கள் என்ற வாதத்துக்கும் பொருளாதாரக் காரணங்களுக்கும் ஆணையம் எடை தந்தது.

தோழர்களே, இந்த வாதத்தை ஆழ்ந்து நோக்க வேண்டும். மூன்று தலைமுறை உழைத்தும் ஒருவர் வந்துபோகும் மனிதராகவே கருதப்பட்டதற்கு அவரது மொழி மட்டும் காரணமன்று. அவருக்குச் சொந்த வீடும் இல்லை, ஒரு சென்ட் நிலமும் இல்லை. அந்த நிலமின்மை 1877 பத்திரத்தின் விளைவு. கல்குளத்து உழவருக்கு நிலம் இருந்தது. எனவே அவர் அந்த மண்ணின் மக்களாக எண்ணப்பட்டார். தேவிகுளத்துத் தொழிலாளிக்கு லயம் மட்டுமே இருந்தது. எனவே அவர் விருந்தாளியாக எண்ணப்பட்டார். எல்லைக்கோட்டின் கீழே ஓடும் வர்க்கக் கோடு இதுவே.

எல்லையைத் திரும்ப வரைய வேண்டும் என்று இரு பக்கமும் அவ்வப்போது கூச்சலிடுவோர் இந்தக் கோட்டைப் பற்றிப் பேசுவதில்லை. முல்லைப் பெரியாறு பிரச்சினை சூடேறும்போதெல்லாம் மூணாற்றுத் தமிழரின் மீது சந்தேகப் பார்வை விழுகிறது. மறுபக்கம் கம்பம் சந்தையில் மலையாளி வணிகர் மீது கோபம் பாய்கிறது. இரண்டும் உழைப்பாளியை உழைப்பாளியிடமிருந்து பிரிக்கின்றன. தோட்டத்தின் உடைமையாளருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை.

சட்டங்களும் அவற்றின் எல்லையும்

1957இல் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்ற சில நாட்களிலேயே குடியானவர்களை வெளியேற்றத் தடை விதித்தது. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸின் வெற்றி அந்த அமைச்சரவைக்கு வலுச் சேர்த்தது. அந்த வெற்றியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கு முக்கியமானது. பாவலர் வரதராஜன் தம் தம்பியருடன் மலைமலையாகச் சென்று பாடிய பாடல்களை மூத்த தோழர்கள் இன்றும் நினைவுகூர்வர்.

1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகைமுறை ஒழிந்தது. சமவெளிக் குடியானவர் நிலத்துக்கு உரிமையாளரானார். ஆனால் தோட்டங்களுக்கு நிலவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 1971இல் கண்ணன் தேவன் மலை நிலமீட்புச் சட்டம் வந்தது. 1972இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. 1,30,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சட்டப்படி அரசுக்கு வந்தது. பின்னர் அதில் சுமார் 57,000 ஏக்கர் தோட்டத் தேவைக்காகக் கம்பெனிக்கே விடப்பட்டது. பூஞ்சாற்றுப் பத்திரத்தின் மீது கைவைத்த அளவில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் கொழுந்து பறித்தவரின் பெயரில் பட்டா எழுதும் கடமை அப்போதும் எஞ்சி நின்றது.

எஞ்சிய கடமையின் விலையை 2020 ஆகஸ்ட் 6 இரவில் கண்டோம். பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களின் மேல் விழுந்து 70 பேர் மாண்டனர். மழை இயற்கை. ஆனால் ஒரு சமூகம் முழுவதும் தலைமுறை தலைமுறையாக ஒரே வரிசை அறைகளில், தான் தேர்ந்தெடுக்காத சரிவில், பணி ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டிய வீட்டில் வாழ்ந்தது இயற்கையன்று.

அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன், 2015 செப்டம்பரில், மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் பொம்பிளை ஒருமை என்ற பெயரில் வீதியில் அமர்ந்தனர். அன்று நாள்கூலி 232 ரூபாய். 20 சதவீத போனஸும் 500 ரூபாய் கூலியும் அவர்கள் கோரிக்கை. எந்தச் சங்கத்தின் கொடியையும் அவர்கள் ஏந்தவில்லை. எல்லாச் சங்கத் தலைவர்களையும் கேள்வி கேட்டனர். அந்தக் கேள்விகளைப் பகைமையாகக் கருதுவது தவறு. தோள்சீலைக்காகச் சந்தையில் அடிபட்ட பெண்களின் வழித்தோன்றல்கள் அவர்கள் என்று நான் கருதுகிறேன். அத்தகைய பெண்கள் சங்கத்தின் தலைமைக்கு வராத வரையில் நம் சங்கம் முழுமையானதன்று.

இன்றைய கடமைகள்

சாதியும் மறையவில்லை. 2020இல் வட்டவடையில் சக்கிலியர் சமூக மக்களுக்கு முடிதிருத்த மறுத்த கடைகளை ஊராட்சி மூடச் செய்து, எல்லோருக்கும் பொதுவான முடிதிருத்தகத்தைத் திறந்தது. பாலக்காட்டு எல்லையில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி மக்களும் அதே சமூகத்தினர். அவர்கள் சந்திக்கும் தீண்டாமை செய்தித்தாள்களில் வந்தது. தமிழர் என்ற ஒற்றுமையைப் பேசும்போது, தமிழருக்குள் இருக்கும் இந்தப் பிளவைப் பேசாமல் விடுவோமானால் அந்த ஒற்றுமை மேல்சாதியின் ஒற்றுமையாகவே முடியும்.

மன்னராட்சியின் புகழ்பாடலும் மீண்டும் எழுந்துவருகிறது. 2011இல் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளின் செல்வம் உலகுக்குத் தெரியவந்தது. 2020 ஜூலையில் உச்சநீதிமன்றம் அரச குடும்பத்தின் கோயில் நிர்வாக உரிமையை ஏற்றது. நவராத்திரிதோறும் பத்மநாபபுரத்திலிருந்து தெய்வத் திருமேனிகள் திருவனந்தபுரம் செல்கின்றன. அரண்மனையில் உடைவாள் கைமாறும் சடங்கில் இரு மாநில அதிகாரிகளும் பங்கேற்கின்றனர். மக்களின் வழிபாட்டை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த வாள் யார்மீது ஓங்கப்பட்டது என்பதைச் சொல்லும் பொறுப்பு நமக்கு உண்டு. மன்னர்காலப் பொற்காலம் என்ற கதையை மதவாத சக்திகள் இரு மாநிலங்களிலும் விதைக்கின்றன. மேலாடைக்குத் தடை விதித்த அறிவிப்பை ஊர்தோறும் வாசித்துக் காட்டினாலே அந்தப் பொற்காலம் வெளிறிப்போகும்.

முடிவாக, நடைமுறைக்கு நான்கு செய்திகள்.

முதலாவது, நிலம். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் பட்டாவுடன் கூடிய வீட்டுமனை என்பது நம் கிளைகளின் முதற் கோரிக்கையாக வேண்டும். ஒவ்வொரு டிவிஷனிலும் நிலமற்ற குடும்பங்களின் பட்டியலை நாமே தயாரிக்க வேண்டும்.

இரண்டாவது, மொழி. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தவும் அதே மொழியில் பதில் பெறவும் வழிசெய்கிறது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு அரசமைப்பின் 350ஏ பிரிவு உள்ளது. தமிழில் மனு எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள். தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் இடம் காலியானால் மலையாளத் தோழர்களையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். மொழியுரிமையைச் சிறுபான்மை மட்டும் கேட்டால் அது மனு. பெரும்பான்மை உழைப்பாளரும் சேர்ந்து கேட்டால் அது ஜனநாயக இயக்கம்.

மூன்றாவது, சாதி. தேநீர்க் கடை, முடிதிருத்தகம், சுடுகாடு, கோயில் வாசல் எங்கே பாகுபாடு இருந்தாலும், அது நம் ஆதரவாளரின் கடையே ஆனாலும், கிளை தலையிட வேண்டும்.

நான்காவது, கல்வி. ஜீவா பிறந்த பூதப்பாண்டி அன்று திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ்தான் இருந்தது. அந்த மன்னராட்சியின் சாதிக் கொடுமையே அவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்தது. இந்த வரலாற்றை நம் இளைஞர்கள் தமிழிலும் மலையாளத்திலும் படிக்க வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனையைக் காணச் செல்லும் தோழர்கள் அதன் மரவேலையை வியந்து பாருங்கள். அது நம் தச்சர்களின் கைவண்ணம். ஊட்டுப்புரையில் நின்று, அங்கே உண்ண அனுமதிக்கப்படாதவர் யார் என்று உடன்வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று நிற்கும் இடத்தில் ஒரு பட்டா, ஒரு பள்ளி, ஒரு சமமான நாற்காலி கிடைக்கும்வரை அந்த வரலாறு முடிந்துவிட்டதாக நாம் கருத முடியாது.